மாமி வாங்கிய மிஷின்

எதிர் வீட்டு மாமி இரண்டு வளையல்களை அடகு வைத்து ஒரு தையல் மிஷின் வாங்கினாள். துணி தைக்கிற மிஷின் அல்ல. தோல் தைக்கிற மிஷின்! "தோலா? சிவ சிவா!" என்று தெருவே மூக்கில் விரலை வைத்தது. மாமி அசரவில்லை. ஒரு கடைக்காரர் நாற்பது கைப்பைகளுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். ஒரு மாதக் கெடு.

முதல் நாள் பெடலைத் தொட்டாளோ இல்லையோ, மிஷின் நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. தோலுக்கு அடியில் நூல் குருவிக் கூடு மாதிரி சுருண்டது. துணியாயிருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் ஊசி போட்ட துளை போட்டதுதான், மூடாது. ஒரு வாரத்தில் நாலு பைக்கான தோல் பாழ். மாமியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

தோல் வியாபாரத்துக்குப் பேர்போன பெரியமேட்டில் விசாரித்து, வயதான மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன்.

"பாபினில்தான் கோளாறு, பாய்! அடியில்தானே சிக்குகிறது?" என்றாள் மாமி.

பெரியவர் சிரித்தார். "அடியிலே சிக்கினா குத்தம் மேலே அம்மா! மேல் நூல் இந்த வில்லைகளுக்கு நடுவே உட்காரவே இல்லை. பாதத்தைத் தூக்கிவிட்டு நூல் கோத்தால் வில்லை விரிந்து இடம் கொடுக்கும்."

பிறகு அவர் நூலையே உருவிவிட்டு, பழுப்புக் காகிதத்தில் வெறும் ஊசியால் கோடு போடச் சொன்னார். மாமியின் மிஷினுக்கு இருப்பது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டதும் அது ஓயாமல் சுழலும். பெடலை அழுத்தியதும் மிஷினைச் சட்டென்று பற்றிக்கொள்ளும். சர்வோ மோட்டார் என்று ஒன்று உண்டு. பெடலை மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் கட்டுப்படுத்தலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு அது எவ்வளவோ மேல்.

அடுத்தது பாபின். நூல் ஸ்டாண்டிலிருந்து வரும் நூலைச் சின்ன வில்லை வழியாக இழுத்து, பாபினில் ஐந்தாறு சுற்றுக் கையால் சுற்றிவிட்டு, விசையைத் தள்ளினால் பெல்ட் உராய்ந்து பாபின் சுழலும். தைக்காமல் பாபின் மட்டும் சுற்றுவதானால் பாதத்தைத் தூக்கி, ஊசியிலிருந்து நூலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த நூல் கீழே கொக்கியில் சுற்றிக்கொள்ளும். மாமி செய்த தவறுகளில் இதுவும் ஒன்று! நூல் ஒரு பக்கமாகக் குவிந்தால் வில்லையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். விளிம்பு வரை நிரப்பவும் கூடாது. பிதுங்கினால் பெட்டிக்குள் சுழலாது. நைலான் நூலை முறுக்கி இழுத்துச் சுற்றினால் நீண்டுபோய், தைத்த பிறகு சுருங்கித் தையலைச் சுருக்கும். பாபின் வாங்கப் போனால் பழையதைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். பார்வைக்கு ஒன்றாயிருக்கும், போட்டால் பொருந்தாது.

ஊசி விஷயத்தில் ஒரு வேடிக்கை. நூலுக்கு டிக்கெட் எண் குறையக் குறையத் தடிமன் கூடும். ஊசிக்கோ எண் கூடக் கூடத் தடிமன். டிக்கெட் 40 நூலுக்கு 18-ஆம் எண் ஊசி. டிக்கெட் 20-க்கு 22 அல்லது 23. தோல் ஊசியின் நுனி கத்தி மாதிரி வெட்டிக்கொண்டு போகும்.

தையல் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைக் கையால் தன் பக்கம் திருப்பி இரண்டு மூன்று தையல் போட வேண்டும். தையல் நீளம் மூன்று, நான்கு மில்லிமீட்டராவது இருக்கட்டும். நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் போலக் கிழிந்துவிடும். குண்டூசியும் ஆகாது, காகித கிளிப்தான் போட வேண்டும்.

பெரியவர் மூன்று தரம் வந்தார். மூன்றாம் தரம் காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்; அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

நாற்பது பைகளும் கெடுவுக்கு இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பணம் கொடுத்தார். ஒரு வளையல் திரும்பிவிட்டது, இன்னொன்று பாக்கி. இப்போது மாமி இரவு படுக்குமுன் ஆறு பாபின் சுற்றி வைத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறாள். கோணல் துளைகளோடு பாழான தோலை ஒட்டுப்போட்டுத் தைத்த பையில்தான் மாமா தினமும் கறிகாய் வாங்கி வருகிறார்.