நான்காம் நாள் துணை

பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வாழ்வோருக்குச் சுற்றத்தின் அருமை இரண்டு வேளைகளில் நன்கு புலப்படும். ஒன்று நோய், மற்றொன்று சாவு. சொந்த ஊராயின் பெரியப்பாவும் அத்தையும் மாமனும் மைத்துனனும் அழையாமலே வந்து நிற்பார்கள். அயலூரில் அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் யார்? கிறிஸ்தவக் குடும்பங்களைப் பொறுத்த வரையில், அப்பொறுப்பு பெரும்பாலும் அவர்கள் சேர்ந்துள்ள சபையையே சாருகிறது. சபையார் ஒருவருக்கொருவர் துணை நிற்பது எவ்வாறு என்பதைச் சற்று ஆராய்வோம்.

தலைநகரில் நம்மோடு பணியாற்றிய நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் மார்கழிக் குளிரில் திடீரென்று காலமானார். நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். தமிழ்ச் சபை ஒன்றின் அங்கத்தினர். செய்தி கேட்ட மாத்திரத்தில் சபையார் திரண்டு வந்தனர். அடக்க ஆராதனை சிறப்பாக நடந்தேறியது. மூன்று நாள் வரை அடுப்பு மூட்ட வேண்டிய அவசியமே அவ்வீட்டில் ஏற்படவில்லை. பிறகு எல்லோரும் தத்தம் அலுவல்களுக்குத் திரும்பினர். இரண்டு வாரம் கழித்து, குடும்ப ஓய்வூதிய மனு சம்பந்தமாக நாம் அங்கே சென்றிருந்தபோது அந்த அம்மையார் சொன்ன சொல் இன்றும் மறக்கவில்லை. “அண்ணாச்சி, முதல் மூன்று நாள் வீட்டில் உட்கார இடமில்லை, நாலாம் நாள் பேச ஆளில்லை” என்றார்.

அச்சபையில் அன்புக்குக் குறைவு இருந்ததாக நாம் சொல்லமாட்டோம். ஏற்பாட்டுக்குத்தான் குறைவு இருந்தது. நல்லெண்ணம் எங்கும் உண்டு. ஆனால் அதற்கு ஓர் ஒழுங்கு அமையாவிட்டால், அது வேண்டிய நாளில் வேண்டியவர் கைக்கு எட்டாமல் போய்விடுகிறது.

இந்த உண்மை ஆதித் திருச்சபைக்கே விளங்க நேர்ந்தது. அப்போஸ்தலருடைய நடபடிகளின் 6-ஆம் அதிகாரத்தில் இச்செய்தி காணப்படுகிறது. எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் உதவி வழங்கப்பட்டு வந்தது. அங்கே உள்ளூர் மொழி பேசுவோரும் இருந்தனர். கிரேக்க மொழி பேசுவோரும் இருந்தனர். கிரேக்க மொழி பேசும் விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் அதை அலட்சியம் செய்யவில்லை. இன்னும் அன்பாயிருங்கள் என்று உபதேசம் செய்து நிறுத்திக்கொள்ளவும் இல்லை. அப்பணியைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கும்படி சபையாரையே கேட்டுக்கொண்டனர். ஸ்தேவான், பிலிப்பு முதலிய அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாகவே இருப்பது கவனிக்கத்தக்கது. குறை எந்த மொழியினருக்கு நேர்ந்ததோ, அம்மொழி அறிந்தவர்களிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என்று நாம் கருத இடமுண்டு. வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

இனி நம் நாட்டின் வடகிழக்கு எல்லைக்கு வருவோம். மிசோரம் மாநிலத்தின் மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அங்கே ‘புஃபாய் தாம்’ என்னும் வழக்கம் ஒன்று உண்டு. கைப்பிடி அரிசி என்பது அதன் பொருள். வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு வேளையும் உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே ஒரு கலத்தில் இடுகிறார்கள். சேர்ந்த அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று திரட்டுகிறார்கள். அது விற்கப்பட்டு, வரும் பணம் சபையின் பணிகளுக்குச் செல்கிறது. 1910-ஆம் ஆண்டில் தொடங்கிய இவ்வழக்கம் நூறாண்டைக் கடந்தும் நின்று நிலவுகிறது.

நம் தமிழ் மக்களுக்கும் பிடியரிசி புதிதன்று. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் அத்தகைய திட்டத்தை இல்லந்தோறும் பரப்பியதைப் பலர் அறிவர். இதன் சிறப்பு அரிசியின் அளவில் இல்லை. ஒரு பிடி குறைவதால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடப்பதில்லை. ஆகவே எளியவரும் கொடுப்போர் வரிசையில் சேர முடிகிறது. இன்று கொடுத்தவர் நாளை பெற நேரிட்டால், அதில் அவருக்கு இழிவு தோன்றுவதில்லை. தாமும் பிடி போட்டு நிரப்பிய கலம் அல்லவா அது!

மிசோ மக்களிடம் கற்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், இளைஞர்கள் முன்வந்து குழி வெட்டுகிறார்கள். இப்பணியில் 1935-ல் தோன்றிய இளைஞர் மிசோ சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அது சபையைச் சார்ந்த ஸ்தாபனம் அன்றாயினும், அதன் அங்கத்தினர் பெரும்பாலும் சபை மக்களே. அடக்கம் முடிந்ததும் துணை முடிந்துவிடுவதில்லை. பின்வரும் இரவுகளிலும் அக்கம்பக்கத்தார் துக்க வீட்டில் கூடி, முரசு கொட்டிப் பாடல்கள் பாடி அவ்வீட்டாரைத் தனிமையில் விடாது காக்கிறார்கள். அவர்கள் அங்கே கொண்டுவருவது தங்கள் நேரத்தையே.

இவற்றினின்றும் அயல் மாநிலச் சபைகள் மேற்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம். முதலாவது, பொதுக் கலம். நகரத்தில் அரிசிக்குப் பதிலாக நாள்தோறும் ஓரிரு ரூபாயை ஓர் உண்டியலில் இடலாம். நம்பிக்கைக்குரிய இரண்டு மூன்று பேர் அதை நிர்வகிக்கட்டும். வரவு செலவைச் சபையில் வாசிக்கலாம். பெற்றவர் பெயரை வாசிக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, மொழித் துணை. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இதை வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஊரிலிருந்து மகனோடு வந்து தங்கியிருக்கும் முதிய தாய்க்கு மருத்துவர் சொல்வது விளங்குவதில்லை; தம் வலி எவ்விடத்தில், எத்தகையது என்று எடுத்துரைக்கவும் வழியில்லை. உள்ளூர் மொழி நன்கறிந்த ஒருவர் ஒரு மணி நேரம் உடன் செல்வாராயின், அது பெரும் பொருளுதவிக்கு ஒப்பாகும். மனு எழுதத் தெரிந்தவர் யார், இரவில் வண்டியோடு வரக்கூடியவர் யார், எவருடைய இரத்தம் எந்த வகையைச் சேர்ந்தது என்னும் விவரங்களைக் கொண்ட ஒரு குறிப்பேடு சபையில் இருத்தல் நலம்.

மூன்றாவது, நான்காம் நாளுக்குரிய முறைவரிசை. துக்க வீட்டுக்கு எந்த நாள் மாலை யார் செல்வது என்று ஒரு மாதத்துக்கு எழுதி வைத்துக்கொள்ளலாம். சென்றவர் பெரிய ஆறுதல் மொழிகள் பேச வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். காய் நறுக்கிக் கொடுக்கலாம். சும்மா உட்கார்ந்திருப்பதும் துணையே.

நான்காவது, வராதவரைத் தேடுதல். எருசலேமில் விடுபட்டவர்கள் கண்ணுக்கு மறைவாய் இருந்தவர்களே. இரவு வேலை பார்க்கும் செவிலியர், கட்டட வேலைக்கு வந்த தொழிலாளர், புதிதாக மாற்றலாகி வந்தவர் ஆகியோர் ஞாயிறு ஆராதனைக்கு வர இயலாதவராய் இருக்கலாம். ஆலயத்தில் காணவில்லை என்பதற்காக அவர்களை மறந்துவிடுதல் ஆகாது.

மேலே நாம் குறிப்பிட்ட சபையில் பின்னர் இத்தகைய முறைவரிசை ஒன்று ஏற்பட்டது. மறு ஆண்டில் வேறொரு வீட்டில் துக்கம் நேர்ந்தபோது, அந்த அம்மையார் தாமாகவே முன்வந்து தம் பெயரைப் பதிவு செய்துகொண்டார். எந்த நாள் வேண்டும் என்று கேட்டதற்கு, நான்காம் நாளைத் தமக்குத் தரும்படி கேட்டுக்கொண்டாராம்.