பழைய இரும்போடு வந்த எமன்

"பழைய இரும்பு, தகரம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேய்!"

விளாத்திகுளத்துத் தெருக்களில் இந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்தவர் உண்டா? இப்போது பேரீச்சம்பழத்துக்குப் பதில் காசோ வெங்காயமோ கிடைக்கிறது, அவ்வளவுதான். உடைந்த சைக்கிளும் ஓட்டைக் குடமும் எடைக்குப் போகின்றன. கடை அண்ணாச்சி அவற்றைப் பிரித்துப் போட்டு லாரி ஏற்றுகிறார். 'இதில் என்ன பெரிய ஆபத்து? தகரம் கிழித்தால் ஒரு டி.டி. ஊசி' என்றுதானே நினைக்கிறீர்கள்?

டெல்லி மாயாபுரி பழைய இரும்பு மார்க்கெட்டில் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

2010 பிப்ரவரியில் டெல்லி பல்கலைக்கழகம் தன் வேதியியல் துறையில் கிடந்த பழைய ஆராய்ச்சிக் கருவி ஒன்றை ஏலம் விட்டது. கனடாவிலிருந்து வாங்கிய 'காமா செல்' அது. 1980-களின் மத்தியிலிருந்தே உபயோகத்தில் இல்லை. கனத்த ஈயக் கவசத்துக்குள்ளே இருந்ததோ கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள்! விவரம் தெரியாமல் கவசத்தைப் பிரித்துவிட்டார்கள். பளபளப்பான துண்டு ஒன்றை ஒரு கடைக்காரர் பர்ஸிலேயே வைத்துக்கொண்டார்.

அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு. தோல் கறுத்துப் புண்ணானது, முடி கொட்டியது. ஏப்ரலில்தான் விஷயம் வெளியே வந்தது. பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ஒருவர் இறந்தே போனார்.

அணைத்தாலும் அணையாது

'இருபத்தைந்து வருஷம் சும்மா கிடந்த கருவிக்கு இவ்வளவு வீரியமா?' என்று கேட்கலாம். எக்ஸ்ரே மெஷினில் கரண்டை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். பயமே வேண்டாம். கோபால்ட் அப்படியல்ல, அதற்கு ஸ்விட்சே கிடையாது! 5.27 வருஷத்துக்கு ஒரு முறை அதன் வீரியம் பாதியாகும். இருபத்தைந்து வருஷத்தில் ஏறக்குறைய இருபத்தேழில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். அந்த மிச்சம்தான் ஒரு உயிரைக் குடித்தது.

இதைவிடப் பெரிய சோகம் 1987-ல் பிரேசில் நாட்டு கோயானியா நகரில் நடந்தது. கைவிடப்பட்ட ஒரு சிகிச்சை நிலையத்திலிருந்து எடுத்த கருவியை உடைத்தார்கள். உள்ளே இருட்டில் நீலமாக ஒளிர்ந்த சீசியம்-137 பொடி. அழகாயிருக்கிறதே என்று வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஆறு வயதுச் சிறுமி உள்பட நான்கு பேர் பலி.

ஓய்வு கொடுப்பதும் ஒரு வேலை

அப்படியானால் வயசான அணுக்கருவிகளை என்னதான் செய்வது? மும்பை டிராம்பேயில் 1961-ல் தொடங்கிய ஸெர்லினா ஆராய்ச்சி உலை 1983-ல் மூடப்பட்டு, முறைப்படி பிரித்தெடுக்கப்பட்டது. ஐம்பது வருஷம் ஓடிய சைரஸ் உலைக்கு 2010 டிசம்பர் 31-ல் ஓய்வு கொடுத்தார்கள்.

உலையோ சின்னக் கருவியோ, நியதி ஒன்றுதான்: உள்ளே இருக்கும் கதிரியக்கப் பொருளைத் தனியே எடுத்து, கணக்கு வைத்து, கவசத்தோடு பத்திரப்படுத்த வேண்டும். கழிவைச் சிமென்டில் கலந்து கெட்டியாக்கி, கான்கிரீட் குழிகளில் அடக்கம் செய்கிறார்கள். நம் கல்பாக்கத்திலும் அதற்கு ஏற்பாடு உண்டு. சீசியத்தின் வீரியம் பாதியாகவே முப்பது வருஷம். ஆயிரத்தில் ஒரு பங்காக முந்நூறு வருஷம் ஆகும்! உபயோகம் முடிந்ததும், விற்ற நிறுவனத்துக்கோ அனுமதி பெற்ற கழிவு நிலையத்துக்கோ அனுப்ப வேண்டியது வைத்திருப்பவர் பொறுப்பு. மாயாபுரியில் தவறியது இந்த ஒரு படிதான்.

நீங்கள் கவனிக்க...

* மஞ்சள் பின்னணியில் மின்விசிறி இறக்கை போல மூன்று இதழ் உள்ள சின்னத்தைக் குழந்தைகளுக்கும் காட்டி வையுங்கள்.

* பழைய சாமானில் அந்தச் சின்னமோ, சின்ன உருவத்துக்குப் பொருந்தாத பெரிய கனமோ இருந்தால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள். விலகி நின்று போலீசுக்குச் சொல்லுங்கள்.

* இரும்புக் கடையில் வேலை செய்பவருக்கு வாந்தி, காரணமில்லாத தோல் புண், முடி உதிர்தல் வந்தால், என்ன சாமானைக் கையாண்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் பாதிப்பு தெரியும்.

* கதிர் பட்டவரிடமிருந்து நோய் தொற்றாது. பொடி ஒட்டியிருந்தால் மட்டும் துணியைக் களைந்து, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது கல்லூரியிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கிறார்களா? இன்று ராத்திரி சாப்பிடும்போது ஒரு வார்த்தை கேளுங்கள்: "உங்க ஸ்டோர் ரூம்ல பேர் தெரியாத பழைய மெஷின் ஏதாவது கிடக்குதா?" ஏலத்துக்குப் போகும் முன் கேட்டால், எங்கோ ஒரு அண்ணாச்சியின் குடும்பம் பிழைக்கும்.