மிஸ்ஸிக்குத் தெரியும், ஆனால் எழுத முடியாது

என் அத்தைக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மலாக்காவின் மஸ்ஜித் தானா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் சீவியவர். இனிப்பு நீர் வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. ஒருநாள் அவரை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தேன். மிஸ்ஸி, அதாவது அங்கிருந்த தாதி, அத்தையின் பாதத்தை மடியில் வைத்து, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் பெருவிரல் அடியில் அழுத்தி, "தெரியுதாம்மா?" என்று கேட்டார். அத்தை தலையை ஆட்டினார், தெரியவில்லை. குதிகாலிலும் தெரியவில்லை. நீரிழிவுப் பதிவேடான பச்சைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால், காலைச் சர்க்கரை மூன்று வாரமாக 14, 15 என்றே நின்றது. "ராத்திரி ஊசிய ரெண்டு யூனிட் ஏத்தணும் அண்ணே. ஆனா நான் எழுத முடியாது. டாக்டர் இன்னிக்கு இல்ல" என்றார். அடுத்த தேதி ஆறு வாரம் கழித்துக் கிடைத்தது.

அந்த மிஸ்ஸி மூன்று வருடம் டிப்ளோமா படித்தவர். அதற்கு மேல் நீரிழிவுப் பராமரிப்பில் போஸ்ட் பேசிக் பயிற்சியும் முடித்தவர். என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதைச் செய்யும் அதிகாரம்தான் அவர் கையில் இல்லை. அந்த ஆறு வாரமும் சர்க்கரை அத்தையின் உடம்பில்தான் ஏறிக்கொண்டிருந்தது.

இதை ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. லயத்தில் அடுத்தடுத்த மூன்று வீடுகளை எண்ணினால் போதும், கணக்கு புரிந்துவிடும்.

தாதியர் பதிவும் ஒழுங்கும் 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின் கீழ் வருகின்றன. பதிவைக் கவனிப்பது மலேசியத் தாதியர் வாரியம். ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்காதவர் தாதியாக வேலை செய்யக் கூடாது. மருந்து எழுதும் விஷயம் வேறு சட்டத்தில் இருக்கிறது. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் அந்த உரிமையை மருத்துவர், பல் மருத்துவர் போன்றோருக்குத்தான் தருகிறது. எவ்வளவு மேல்பயிற்சி பெற்ற தாதியும் அதில் இல்லை. ஆகவே மருத்துவர் முன்கூட்டியே எழுதிவைத்த நெறிமுறை இருக்கும் இடத்தில் மிஸ்ஸியால் ஓரளவு செயல்பட முடிகிறது. அது இல்லாத இடத்தில் காத்திருக்க வேண்டியதுதான்.

"டாக்டர் இல்லாமல் மருந்தா?" என்று நம் பெரியவர்கள் கேட்பது நியாயமான பயம். ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் தோட்ட மருத்துவமனையின் டிரஸ்ஸரை நினைத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல், கத்தி வெட்டு, வயிற்றுப்போக்கு எல்லாவற்றுக்கும் நாம் போய் நின்றது அவர் வாசலில்தான். அவர் மருத்துவர் அல்ல. அவருக்கென்றே 1965இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அரசு கிளினிக்குகளில் உதவி மருத்துவ அதிகாரிகள் இன்றும் நோயாளிகளைப் பார்த்து வைத்தியம் செய்கிறார்கள், அவர்களுக்கு 1977ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. மருத்துவர் அல்லாத ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, எல்லை வகுத்து, பொறுப்பை ஒப்படைப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல.

பிரசவம் இதைவிடப் பெரிய சாட்சி. கம்பங்களிலும் தோட்டங்களிலும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளைப் பதிவு செய்து, பிரசவம் பார்க்கும் முழுப் பொறுப்பையும் கொடுத்து, சிக்கல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பும் வழியையும் அரசு ஏற்படுத்தியது. இலங்கையும் இதே வழியில் போனது. இவ்விரு நாடுகளைப் பற்றி மருத்துவர் இந்திரா பத்மநாதனும் மற்றவர்களும் செய்த ஆய்வை உலக வங்கி 2003இல் வெளியிட்டது. தாய்மார் இறப்பு விகிதம் 6 முதல் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதிக்குப் பாதி குறைந்துகொண்டே வந்ததை அது பதிவு செய்தது. உயிர் போகும் நேரத்தில் மருத்துவச்சியை நம்பிய நாம், இரண்டு யூனிட் இன்சுலினுக்குத் தாதியை நம்பத் தயங்குகிறோம்.

பிரிட்டனில் சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியர் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் தாங்களே எழுதுகிறார்கள். மலாக்காவிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் சிங்கப்பூரில், உயர்நிலைத் தாதியர் மருத்துவரோடு கூட்டாகச் செயல்பட்டு மருந்து எழுதும் திட்டம் 2018இல் தொடங்கியது. அதே ஆண்டு கோக்ரேன் அமைப்பு 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆரம்பச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற தாதியர் பார்த்தவர்களின் உடல்நிலை, மருத்துவர் பார்த்தவர்களுடையதைப் போலவோ அதைவிடச் சற்று மேலாகவோ இருந்தது. ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆபத்து இல்லாமல் இல்லை. வெள்ளைச் சட்டை போட்டவர் எல்லாம் தாதி அல்ல. சில தனியார் கிளினிக்குகளில் மருந்து கொடுக்கும் பெண், பள்ளி முடித்து நேராக வேலைக்கு வந்தவராக இருக்கலாம். "நீங்க பதிவு பெற்ற தாதியா?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை. இன்சுலின் அளவு கூடிவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். அதனால்தான் எல்லோருக்கும் எல்லா அதிகாரமும் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மேல்பயிற்சி பெற்றவருக்கு, எழுத்தில் உள்ள எல்லைக்குள், எந்த அளவைத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற குறிப்போடு கொடுங்கள் என்பதுதான் கோரிக்கை.

தாதியர் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பயிற்சி இல்லாத வேலையைச் செய்யச் சொன்னால் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். தவறு நடந்தால் வாரியத்தின் முன் நிற்பது வாயால் உத்தரவு போட்டவர் மட்டும் அல்ல, நீங்களும்தான். ஆகவே உத்தரவை எழுத்தில் கேளுங்கள், நேரத்தையும் பெயரையும் குறித்துவையுங்கள். போஸ்ட் பேசிக் முடித்துவிட்டு, சம்பந்தமே இல்லாத வார்டுக்கு மாற்றப்பட்டால் சான்றிதழ் நகலோடு மேலிடத்துக்கு எழுதுங்கள். அரசு ஊழியருக்குத் தாதியர் சங்கம் இருக்கிறது. தனியாரில் வேலை செய்பவர் வேலை நேரம், கூடுதல் நேரச் சம்பளம் பற்றிய புகாரைத் தொழிலாளர் துறையிடம் கொண்டுபோகலாம்.

நோயாளி வீட்டார் செய்யக்கூடியதும் உண்டு. பச்சைப் புத்தகம் இல்லாமல் கிளினிக்குக்குப் போகாதீர்கள். வீட்டில் எடுத்த காலைச் சர்க்கரையைத் தேதியோடு எழுதிவையுங்கள். நீரிழிவுப் பயிற்சி பெற்ற தாதி இருக்கிறாரா, ஆண்டுக்கு ஒருமுறை கால் சோதனையும் கண் சோதனையும் எப்போது என்று கேளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில், "அடுத்த தேதிக்குள் சர்க்கரை ஏறினால் எத்தனை யூனிட் வரை கூட்டலாம் என்று இதிலேயே எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் மிஸ்ஸியின் கை கட்டவிழும். குறை இருந்தால் முதலில் கிளினிக் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள், பிறகு சுகாதார அமைச்சின் புகார்ப் பிரிவுக்கு எழுதுங்கள். தனியார் மருத்துவமனை என்றால், 1998ஆம் ஆண்டின் சட்டப்படி நோயாளி புகாரைக் கேட்கும் ஏற்பாடு அங்கே இருந்தாக வேண்டும்.

நச்சுப்பொருள் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டுமே உண்டு. மஸ்ஜித் தானா ஒரு நாடாளுமன்றத் தொகுதி. உங்கள் உறுப்பினருக்குக் கடிதம் எழுதும்போது எந்தத் தேதியில் போனீர்கள், மிஸ்ஸி என்ன சொன்னார், மருத்துவரைப் பார்க்க எத்தனை வாரம் ஆனது, அதற்குள் சர்க்கரை எவ்வளவு ஏறியது என்று பச்சைப் புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள். அத்தையின் கடிதத்தை நான் எழுதினேன், கையெழுத்தை அவர் போட்டார்.