முகவரியின் கடைசித் துண்டு

மேற்படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் எஸ்.பி.எம். மாணவர்கள் தினமும் மின்னஞ்சலைப் பார்ப்பார்கள். ‘ஸ்பேம்’ பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. நமக்கு வேண்டிய கடிதமும் சில வேளைகளில் அங்கே போய் விழுகிறதே, ஏன்? அனுப்பியவர் முகவரி எப்படி முடிகிறது என்பதும் ஒரு காரணம்.

உங்கள் டெலிமா முகவரி ‘டாட் இடியு டாட் மை’ என்று முடியும். ‘மை’ மலேசியாவுக்கு உரியது. மைனிக் நிறுவனம் அதை நிர்வகிக்கிறது. ‘இடியு டாட் மை’ கல்வி நிலையங்களுக்கும் ‘ஜிஓவி டாட் மை’ அரசாங்கத்துக்கும் மட்டுமே கிடைக்கும்.

இதற்கு நேர்மாறான கதை பசிபிக் கடலில் நடந்தது. நியூசிலாந்தின் ஆட்சிக்குட்பட்ட டோக்கெலாவ் தீவுகளில் ஏறத்தாழ 1,500 பேர்தான் வாழ்கிறார்கள். அவர்களுடைய ‘டாட் டிகே’ முகவரிகளை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் இலவசமாக வழங்கியது. ஒரு காலத்தில் 2 கோடிக்கும் அதிகமான பெயர்கள் பதிவாகின. இலவசம் என்றால் ஏமாற்றுக்காரர்கள் விடுவார்களா? ஒரு பெயர் முடக்கப்பட்டால், காசில்லாமல் அடுத்த பெயர்! 2023இல் மெட்டா நிறுவனம் ஃப்ரீநாம் மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் புதிய பதிவுகளும் நின்றன.

வடிகட்டிகள் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. 2001இல் வந்த ‘ஸ்பேம் அசாசின்’ என்ற மென்பொருள், கட்டொழுங்கு ஆசிரியரைப் போலக் குறைப்புள்ளி போடும். சந்தேகமான சொற்களுக்குச் சில புள்ளி, மோசடி அதிகம் நடக்கும் முகவரி முடிவுக்குச் சில புள்ளி. வழக்கமாக 5 புள்ளியைத் தொட்டால் அது ஸ்பேம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்காரர் மலிவான முடிவுள்ள முகவரி வாங்கிப் பற்றுச்சீட்டு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் தவறே செய்யாவிட்டாலும், அதே முடிவைப் பயன்படுத்தும் மோசடிக்காரர்களால் அவருக்கும் புள்ளி விழும். இது நியாயமில்லைதான். ஆனால் முடிவு மட்டுமே தீர்ப்பு எழுதுவதில்லை. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட் 2015இல் ‘ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட்’ என்ற முகவரியைத்தான் எடுத்தது.

முடிவைவிடக் கனமானது, கடிதம் உண்மையிலேயே அந்த முகவரிக்காரரிடமிருந்துதான் வந்ததா என்ற சோதனை. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்பவை அதற்கான முறைகள். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோருக்கு ஜிமெயில் 2024 பிப்ரவரி முதல் இம்மூன்றையும் கட்டாயமாக்கியது.

நீங்களே பார்க்கும்போது முகவரியை வலப்பக்கத்திலிருந்து படியுங்கள். நடுவில் ‘ஜிஓவி டாட் மை’ இருந்து, அதன் பின்னால் ‘டாட் டாப்’ என்று முடிந்தால், அந்த முகவரி அரசாங்கத்துடையது அல்ல.