புதுமனைக்கு மின்காவல்



மலையகத்துத் தோட்டங்களில் நம் கண்முன்னே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்து வருகின்றது. ஒரே நீண்ட கூரையின் கீழ், ஒரு சுவருக்கு இரு குடும்பம் என அமைந்த லயன் அறைகளை விட்டு, ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனித்து நிற்கும் வீடுகளுக்கு மக்கள் பலர் குடிபெயர்ந்துள்ளனர். மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென இந்திய நன்கொடையில் 4,000 வீடுகள் அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 2017 ஆம் ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வருகை தந்தபோது மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இவையன்றி, கொழும்பிலும் வெளிநாட்டிலும் பிள்ளைகள் உழைத்தனுப்பிய பணத்தால் எழுந்த வீடுகளையும் கம்பளை - நுவரெலியா வீதியின் இருமருங்கிலும் புசல்லாவைப் பகுதியிற் காணலாம்.

லயத்து வாழ்வின் இடர்கள் பல. எனினும் அதற்கொரு நன்மை இருந்தது. நள்ளிரவில் ஒரு கதவு கிறீச்சிட்டால் அடுத்த அறையார் விழித்துக்கொள்வர். தனி வீட்டிலோ அந்தச் சுவர் இல்லை. கணவனும் மனைவியும் கொழுந்து பறிக்கவும் கடைக்கும் சென்றபின், வீட்டிற் பூட்டு ஒன்றே காவல். அல்லது முதிய தாய் ஒருத்தியே காவல். ஆதலின், கட்டி முடித்த வீட்டின் கதவுகளுக்கும் யன்னல்களுக்கும் கம்பி வழியாக மின்காவல் அமைப்பது எங்ஙனம் என்பதை இன்று விளக்க விழைகின்றேன்.

இக்கலை புதியதன்று. அமெரிக்காவிலே பொஸ்ரன் நகரையடுத்த சமர்வில் என்னும் ஊரினரான ஒகஸ்ரஸ் ரசல் போப் என்பார் 1853 ஆம் ஆண்டில் மின்சாரக் கள்வர் மணிக்கு உரிமம் பெற்றார். கதவோ யன்னலோ திறந்தால் மின்சுற்று பூர்த்தியாகும், மின்காந்தம் சுத்தியலை அசைக்கும், மணி ஒலிக்கும். 1857 இல் எட்வின் ஹோம்ஸ் என்பார் அவ்வுரிமையை வாங்கி, அதனை ஒரு தொழிலாக வளர்த்தார்.

போப் அமைத்த முறையில் ஒரு குறை உண்டு. திறக்கும்போதுதான் மின்சாரம் ஓடும் என்றால், கம்பியை யாரேனும் முன்னதாகவே அறுத்துவிட்டால் என்னாகும்? மணி என்றுமே ஒலியாது. வீட்டாருக்கோ அது தெரியவும் மாட்டாது. இக்குறையை நீக்குவதே மூடிய சுற்று முறை. இதில், எல்லாக் கதவுகளும் சாத்தியிருக்கும்போது மெல்லிய மின்னோட்டம் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டம் நின்றால் மணி ஒலிக்கும். கதவு திறந்தாலும் ஓட்டம் நிற்கும். கள்வன் கம்பியை வெட்டினாலும் நிற்கும். எலி கடித்தாலும் நிற்கும். ஒரு காவலாளி நாழிகைக்கொருதரம் குரல் கொடுத்துவர, அக்குரல் நின்றவுடன் நாம் எழுந்து பார்ப்பதை ஒத்தது இது.

கதவில் அமைவன இரு சிறு பொருள்கள். ஒன்று காந்தம், மற்றையது கடைகளில் ரீட் சுவிச் எனப்படும் ஆளி. இவ்வாளியை 1936 இல் அமெரிக்க பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வால்ற்றர் எல்வுட் என்பார் உருவாக்கினார். சிறு கண்ணாடிக் குழாயினுள் இரு மெல்லிய இரும்புக் கலவைத் தகடுகள், முனைகள் ஒன்றன்மேலொன்று படியுமாறு, சிறு இடைவெளியுடன் அடைக்கப்பட்டிருக்கும். காந்தம் அண்மையில் இருக்கும்வரை முனைகள் ஒட்டிநிற்கும்; அது விலகினால் பிரியும். குழாய் முற்றாக மூடப்பட்டிருப்பதால், நம் மலைநாட்டு மூடுபனியும் ஈரமும் தகடுகளைத் தீண்டா. ஆளி அசையாத நிலையிலும், காந்தம் அசையும் கதவிலும் பொருத்தப்படும்.

பொருத்துமிடம் முக்கியமானது. பிணைச்சலுக்கு அருகில் வைத்தால், கதவு வெகுதூரம் திறந்த பின்னரே காந்தம் விலகும். ஆதலால் பிணைச்சலுக்கு எதிர்ப்பக்கத்து ஓரத்தில், மேற்புறமாக வைத்தலே முறை. மரக்கதவுகள் மழைக்காலத்தில் ஊதும், வெயிற்காலத்தில் சுருங்கும். ஆதலின் வாங்கிய கருவிக்கு விதித்த இடைவெளியின் எல்லைவரை வைக்காது, அதனிற் பாதியளவில் அமைத்தல் நன்று. இரும்புக் கதவாயின் இரும்பு காந்தத்தின் வலிமையைக் கவர்ந்துவிடும். அங்கே காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையே பிளாஸ்ரிக் துண்டொன்றை வைத்துப் பொருத்துவர்.

இனி, பூச்சு முடிந்த வீட்டிற் கம்பியை எவ்வழி கொண்டுசெல்வது? வழிகள் மூன்று. முதலாவது, சீலிங் உள்ள வீடாயின் அதன் மேலாகக் கம்பியை ஓட்டி, ஒவ்வொரு நிலைக்கும் நேர்மேலே இறக்குதல். இரண்டாவது, நிலையின் மரத்தினூடே சிறு துளையிட்டு மறைவாகக் கொண்டுவருதல்; இதற்குத் தச்சரின் துணை வேண்டும். மூன்றாவது, சுவரோரமாகப் பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்து ஓட்டுதல். இது கண்ணுக்குத் தெரியுமெனினும், சுவரை உடைக்காதது. பிற்காலத்திற் பழுது பார்க்கவும் எளியது. எவ்வழியாயினும், கல்நார்க் கூரைத் தகட்டைத் துளைத்தல் ஆகாது. அதன் தூசு சுவாசப்பைக்குப் பெருந்தீங்கு செய்யும். 230 வோல்ற்று மின்கம்பி செல்லும் குழாயினுள் இக்கம்பியைச் சேர்த்து இழுத்தலும் ஆகாது. காவற்பெட்டியை மின்னிணைப்போடு சேர்க்கும் பணியைத் தேர்ந்த மின்வேலையாளரிடம் விடுக.

ஒவ்வொரு கதவிலிருந்தும் தனித்தனிக் கம்பி காவற்பெட்டிக்கு வருமாயின், எந்த யன்னல் திறந்தது என்பதைப் பெட்டியே காட்டும். பலவற்றைத் தொடராக ஒரே கம்பியிற் கோத்தால் செலவு குறையும். ஆயின் பழுதைத் தேடுதல் கடினம். நடுவழியாக, அறைக்கொரு சுற்று அமைக்கலாம். சுற்றின் கடைசி முனையில் சிறு மின்தடை ஒன்றை, பெட்டிக்கு விதித்த அளவில் இணைக்க வேண்டும். கள்வன் இரு கம்பிகளையும் சுரண்டி ஒன்றாக இணைத்து ஏமாற்ற முயன்றால், தடையின் அளவு மாறுவதை அறிந்து பெட்டி கூவும். வேலையாளர் சிலர் வசதி கருதி அத்தடையைப் பெட்டிக்குள்ளேயே இணைத்துவிடுவர். அங்ஙனம் செய்தால் அதன் பயன் முழுதும் இழக்கப்படும்.

மின்வெட்டும் மின்னலும் நம் பகுதியிற் பழக்கமானவை. 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி மின்கலவடுக்கு ஒன்று பெட்டியில் இருத்தல் வேண்டும். பெட்டி 0.2 அம்பியர் உண்ணுமாயின், கணக்கின்படி 35 மணிநேரம் தாங்கும். பழகிய மின்கலத்தில் இது குறையும். ஆதலின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றுக. சுவரை மூடுமுன் ஒவ்வொரு கம்பியையும் அளவிமானியாற் சோதித்து, கம்பி செல்லும் பாதையைத் தாளில் வரைந்து வைத்துக்கொள்க. வீடு இன்னும் பூச்சுக் காணாதோர், வெறும் குழாய்களையேனும் இப்பொழுதே சுவரிற் பதித்துவிடுதல் சிறந்தது. பின்னாளிற் சுவரை உடைக்கும் செலவோடு ஒப்பிட்டால், குழாயின் விலை சொற்பமே.

இக்காவலுக்கு எல்லைகளும் உள. யன்னலைத் திறவாது கண்ணாடியை உடைத்து நுழைவோனைக் காந்தம் அறியாது. நல்ல தாழ்ப்பாளுக்கும் இரும்புக் கம்பிக்கும் இது துணையேயன்றி மாற்றன்று. யன்னல் யாவற்றையும் கம்பியிட்டு அடைப்போர், தீ விபத்தின்போது வெளியேற ஒரு வழியை உள்ளிருந்தே திறக்கக்கூடியதாக விட்டுவைத்தல் வேண்டும்.

இதற்கு மற்றொரு பயனும் உண்டு. பல பெட்டிகளைச் சைரனுக்குப் பதிலாக மெல்லிய ஓசை எழுப்புமாறும் அமைக்கலாம். நினைவு தளர்ந்த முதியவர் நள்ளிரவில் வாயிலைத் திறந்தாலும், தவழும் குழந்தை கதவைத் தள்ளிச் சரிவை நோக்கிச் சென்றாலும், அடுப்படியில் நிற்பவருக்கு அது தெரியும். சரிவான நிலத்தில் வீடமைத்த நமக்கு இஃது கள்வர் பயத்தினும் பெரிய உதவியாகலாம்.

இறுதியாக ஒன்று. சைரன் கூவினால் எவர் வருவர் என்பதை முன்னரே அயலாருடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பொலிசாரை 119 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். ஆயினும் மலைப்பாதையில் அவர்கள் வந்து சேருமுன் எட்டிப் பார்க்க வல்லவர் அயல்வீட்டாரே. லயத்தில் ஒரு சுவர் செய்த வேலையைப் புதுக்குடியிருப்பில் கம்பியும் மணியும் பாதியே செய்யும். மற்றப் பாதியை நாம்தாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளல் வேண்டும்.