படையில் சேராத விமானத்துக்கு ஒரு போர்க்கோலம்

பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறவர்களில் பெரும்பாலோர், உண்மையில் பறந்த ஒரு விமானத்தை அது பறந்தபடியே சிறிதாக்கிச் செய்யப் பாடுபடுவார்கள். எந்தப் படைப்பிரிவு, எந்த வால் எண், எந்த வருடத்து வண்ணம் என்பதுவரை பார்ப்பார்கள். அவர்களுக்குள்ளேயே இன்னொரு கூட்டம் உண்டு. ‘இப்படி நடந்திருந்தால்?’ என்று கேட்டு, வரலாற்றில் இல்லாத ஒரு வகையைச் செய்கிறவர்கள் அவர்கள். ‘வாட் இஃப்’ மாடல் என்று இதற்குப் பெயர். எதை வேண்டுமானாலும் ஒட்டலாம், எந்த வண்ணமும் பூசலாம் என்று வெளியிலிருந்து பார்க்கத் தோன்றும். உள்ளே போனால் கதை வேறு. பறந்த விமானத்துக்குப் புகைப்படம் சாட்சி சொல்லும். பறக்காததற்கு நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நீங்களே காரணம் சொல்ல வேண்டும்.

இதை விளக்க நல்ல உதாரணம், பிரிட்டனின் டி.எஸ்.ஆர்-2. தாழப் பறந்து எதிரி எல்லைக்குள் ஊடுருவித் தாக்கவும் உளவு பார்க்கவும் வடிவமைக்கப்பட்ட, இரண்டு பேர் அமரும் விமானம். 1964 செப்டம்பர் 27 அன்று ரோலண்ட் பீமாண்ட் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். செலவு ஏறிக்கொண்டே போனதால், 1965 ஏப்ரல் 6 அன்று நிதியமைச்சர் ஜேம்ஸ் காலகன் தன் பட்ஜெட் உரையில் திட்டத்தை ரத்துசெய்தார். அதற்குள் பறந்தது எக்ஸ்.ஆர். 219 என்ற ஒரே ஒரு விமானம்தான். அதுவும் 24 முறை மட்டுமே. பிறகு அதைப் பீரங்கிச் சோதனைக்கு இலக்காக நிறுத்திச் சிதைத்துவிட்டார்கள். தப்பிப்பிழைத்த இன்னும் இரண்டு, இன்று காஸ்ஃபோர்டிலும் டக்ஸ்ஃபோர்டிலும் உள்ள அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. டி.எஸ்.ஆர்-2-க்குப் பதிலாக வாங்குவதாக இருந்த அமெரிக்க எஃப்-111-ஐயும் 1968-இல் பிரிட்டன் வேண்டாம் என்றது. அந்த வேலையைப் பக்கனியர் விமானங்கள் செய்தன. 1980-களில் டொர்னாடோ வந்தது.

ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 2006-இல் 1/72 அளவிலும், 2009-இல் 1/48 அளவிலும் இதன் கிட்டை வெளியிட்டது. பெட்டியில் இருப்பதை அப்படியே செய்தால் வெள்ளை வண்ணத்தில் சோதனை விமானம் கிடைக்கும். அழகானதுதான். ஆனால் அது ஏறத்தாழ 25 வருடம் படையில் உழைத்து, 1991 வளைகுடாப் போருக்குப் போயிருந்தால் எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

கத்தியை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். விமானம் எந்த வருடம் படையில் சேர்ந்தது, யாரிடம் இருந்தது, என்ன வேலை செய்தது என்று நாலைந்து வரி எழுதுங்கள். மாடலின் வண்ணம், ஆயுதம், ஆன்டெனா எல்லாவற்றையும் இந்த நாலைந்து வரிதான் முடிவுசெய்யும். 1968 என்று எழுதினால் வெள்ளை வண்ணம் போய்விடுகிறது. அணுகுண்டு வெடிப்பின் வெப்பத்தைத் திருப்பிவிடுவதற்காகத்தான் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்களுக்கு வெள்ளை பூசினார்கள். தாழப் பறந்து தாக்கும் முறை வந்ததும் 1964 முதல் வல்கன் விமானங்களின் மேற்பக்கத்துக்குக் கரும்பச்சையும் நடுத்தரச் சாம்பலும் வந்தன. டி.எஸ்.ஆர்-2 பிறந்ததே தாழப் பறக்கத்தான். எனவே 1968-இல் அது பச்சை-சாம்பல் பூச்சோடுதான் நின்றிருக்கும். 1970-களின் நடுவில் என்றால், வட்டச் சின்னத்தின் நடுவிலிருந்த வெள்ளை வளையம் மறைந்து சிவப்பும் நீலமும் மட்டும் மிஞ்சும். 1991 என்றால், எல்லாவற்றுக்கும் மேலே பாலைவன இளஞ்சிவப்பு.

வேறு நாட்டையும் தேர்ந்தெடுக்கலாம். ஆஸ்திரேலியா தன் கான்பெரா விமானங்களுக்கு மாற்றாக டி.எஸ்.ஆர்-2-ஐப் பரிசீலித்தது, 1963-இல் அமெரிக்க எஃப்-111 பக்கம் சாய்ந்தது. அந்த முடிவு மட்டும் மாறியிருந்தால், கங்காரு பொறித்த வட்டச் சின்னத்தோடு ஒரு டி.எஸ்.ஆர்-2 நியாயமாகவே நிற்கும். உண்மையில் யாரோ ஒருமுறை யோசித்த பாதையைத் தொடர்கிற மாடலுக்கு, வெறும் கற்பனைக்கு இல்லாத ஒரு கனம் வந்துவிடுகிறது.

அடுத்து, எதை மாற்றுவது? கால் நூற்றாண்டு உழைத்த போர் விமானத்தில் எஞ்சின், மின்னணுக் கருவி, ஆயுதம் மூன்றும் மாறியிருக்கும். எஞ்சின் மாற்றம் இங்கே நமக்கு வேலை வைப்பதில்லை. டி.எஸ்.ஆர்-2-இன் ஒலிம்பஸ் எஞ்சின் குடும்பத்திலிருந்துதான் பிறகு கான்கார்டின் எஞ்சினும் வந்தது. அதே குடும்பத்தின் மேம்பட்ட எஞ்சினைப் பொருத்தினார்கள் என்று வைத்துக்கொண்டால் வெளித்தோற்றத்தில் எதுவும் மாற வேண்டாம். எல்லா விமானத்திலும் இப்படி நடக்காது. பெங்களூரில் குர்ட் டாங்க் தலைமையில் உருவாகி 1961-இல் பறந்த நம் எச்.எஃப்-24 மாருத்துக்குக் கடைசிவரை போதிய வலுவுள்ள எஞ்சின் கிடைக்கவில்லை. வலுவான எஞ்சின் பொருத்திய மாருத்தைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் பெரிய எஞ்சினுக்குக் கூடுதல் காற்று வேண்டும். அதனால் இருபுறக் காற்றுவாய்களும் அகல வேண்டும், உடலின் பின்பாகம் பருக்க வேண்டும். வால் முனையில் பெரிய குழாய் ஒன்றை மட்டும் செருகிவிட்டு நிறுத்தினால், விமானம் தெரிந்தவர் கண் நேராகக் காற்றுவாய்க்குத்தான் போகும்.

மின்னணுக் கருவிகளில்தான் சிந்தனைக்கு நிறைய இடம். எதிரி ரேடார் தன்னைப் பிடித்துவிட்டதா என்று எச்சரிக்கும் கருவி 1970-களில் பிரிட்டிஷ் விமானங்களுக்கு வந்தது. ஃபாண்டம் போர் விமானத்தின் வால் உச்சியில் சதுரப் பெட்டிபோல் நிற்கிறதே, அதுதான். பலர் அதைப் பார்த்து டி.எஸ்.ஆர்-2-இன் வால் உச்சியிலும் ஒரு பெட்டியை ஒட்டிவிடுவார்கள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பெரும்பாலான விமானங்களில் செங்குத்து வால் அசையாமல் நிற்க, அதன் பின்விளிம்பு மட்டும் திரும்பும். டி.எஸ்.ஆர்-2-இல் செங்குத்து வால் முழுவதுமே திரும்பும். திரும்புகிற பரப்பின் உச்சியில் ஒரு பெட்டியின் எடையை ஏற்ற எந்தப் பொறியாளரும் தயங்குவார். நான் செய்தால் அதை உடலின் பின்முனையில், எஞ்சின் குழாய்களுக்கு மேலே வைப்பேன். பார்ப்பவர் ‘ஏன் இங்கே?’ என்று கேட்டால் பதில் கையில் இருக்கும்.

இறக்கையும் அப்படித்தான். அதன் நுனிகள் கீழ்நோக்கி மடங்கியவை. நுனியில் சைட்வைண்டர் ஏவுகணை மாட்டினால் கோணலாகத் தொங்கும். டொர்னாடோவில் செய்ததுபோல், இறக்கைக்கு அடியிலுள்ள தாங்கியின் பக்கவாட்டில் மாட்டுவதே பொருந்தும். இன்னொன்று: டி.எஸ்.ஆர்-2-இன் இறக்கைப் பின்விளிம்பு முழுக்க ஃபிளாப்தான். விமானத்தைப் பக்கவாட்டில் சாய்ப்பது பின்புற வால் இறக்கைகளின் வேலை. ஆகவே இறக்கையில் புதிதாகக் கோடு கீறி வேறு அசையும் பகுதிகளைச் சேர்த்துவிடாதீர்கள்.

ஆயுதங்களுக்கும் மின்னணுக் கருவிக் கூடுகளுக்கும் டொர்னாடோ ஜி.ஆர். 1 கிட் ஒன்றை வாங்கிப் பிரித்தால் போதும். ஒரே அளவு கிட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் கட்டாயம். 1991-இல் பிரிட்டிஷ் விமானங்கள் லேசர் வழிகாட்டும் 1,000 பவுண்டு குண்டுகளை வீசின. பக்கனியர்கள் இலக்கின்மேல் லேசர் பாய்ச்சிக் காட்டின. வயிற்றுக்கடியில் எதையாவது தொங்கவிடும்போது சக்கர அறைக் கதவுகளும் குண்டு அறைக் கதவுகளும் திறக்க இடமிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரங்கள் உடலுக்குள்ளேயே மடங்குவதால் அங்கே இடம் குறைவு.

வெட்டி ஒட்டும் வேலைக்கு வருவோம். 1/72 அளவில் ஒரு மீட்டர் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். கையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் உண்மையான விமானத்தில் அது ஏழு சென்டிமீட்டர். 27 மீட்டர் நீள விமானம் மேஜையில் 38 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். புதிய பெட்டிகள், தாங்கிகள் செய்ய ஸ்டைரீன் தகடு போதும். மாடல் சிமெண்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பதால் இணைப்பு உறுதியாக இருக்கும். ரெசினையோ உலோகத்தையோ அது ஒட்டாது, அவற்றுக்கு சூப்பர் க்ளூ வேண்டும். வளைவான சேர்க்கைகளை இரண்டு பகுதி கலந்து பிசையும் எபாக்ஸி புட்டியால் உருவாக்கி, காய்ந்ததும் 400, 800, 1200 என்ற வரிசையில் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். பிறகு சாம்பல்நிற பிரைமர். இது இல்லாமல் வண்ணத்துக்குப் போகக் கூடாது. வெள்ளை ஸ்டைரீன், மஞ்சள் புட்டி, சாம்பல் பிளாஸ்டிக் எல்லாம் ஒரே நிறமானதும்தான் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரியும். தேய்த்ததில் மறைந்துபோன தகட்டுக் கோடுகளையும் அப்போதே மீண்டும் கீறிவிடுங்கள். புதிதாகச் சேர்த்த பகுதியில் கோடுகள் இல்லாவிட்டால், அது பிற்பாடு ஒட்டப்பட்டது என்று தானே காட்டிக்கொடுத்துவிடும்.

வண்ணம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்த கட்டம். 1991-இன் இளஞ்சிவப்பு, பிறகு கழுவி எடுத்துவிடக்கூடிய தற்காலிகப் பூச்சு. போர் நடந்த வாரங்களுக்குள்ளேயே விளிம்புகளில் தேய்ந்து அடியிலிருந்த பச்சையும் சாம்பலும் எட்டிப்பார்த்தன. மாடலிலும் அதே வரிசையில் செய்யலாம். முதலில் பச்சை-சாம்பல் பூச்சை முழுமையாக அடித்து, வார்னிஷால் மூடிக் காயவிடுங்கள். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரேயை மெல்லிதாக. அது காய்ந்ததும் இளஞ்சிவப்பு அக்ரிலிக். கொஞ்ச நேரத்தில், தண்ணீரில் நனைத்த விறைப்பான தூரிகையால் இறக்கையின் முன்விளிம்பிலும் ஏணி சாய்க்கும் இடத்திலும் மெல்லத் தேயுங்கள். ஹேர் ஸ்ப்ரே தண்ணீரில் இளகி மேல்பூச்சை விட்டுவிடும். கைவைத்த இடத்தில் மட்டும் தேய்மானம் வரும். எங்கெல்லாம் தரைப்பணியாளர் கை படும் என்று யோசித்துத் தேய்த்தால் போதும். உடல் முழுக்கத் தேய்ப்பது கண்ணை உறுத்தும்.

அழுக்கிலும் காரணம் வேண்டும். போர்க்கால டொர்னாடோ படங்களில் செங்குத்து வால் கரிபிடித்துக் கறுத்திருக்கும். தரையிறங்கும்போது எஞ்சின் புகையை முன்னோக்கித் திருப்பிவிடும் மடல்கள் டொர்னாடோவுக்கு உண்டு. அந்தக் கரிதான் அது. டி.எஸ்.ஆர்-2 பாராசூட் விரித்து வேகத்தைக் குறைத்த விமானம். அதன் வாலில் கரி ஏற வழியே இல்லை. டொர்னாடோ படத்தைப் பார்த்து அப்படியே கறுப்படித்தால் மொத்தக் கதையும் அந்த இடத்தில் அறுந்துவிடும்.

எண்ணுக்குக் கவலை வேண்டாம். முன்னோடி உற்பத்திக்காக எக்ஸ்.எஸ். 660 முதல் 670 வரை ஒதுக்கிய எண்கள் பறக்காமலே போயின. அதில் ஒன்றைக் கொடுத்துவிடலாம். எண்ணும் சின்னமும் அச்சிட்ட ஒட்டுப்படமான டெக்கலை ஒட்டுமுன் பளபளப்பான வார்னிஷ் அடித்தால்தான் ஓரங்களில் வெள்ளி பூக்காது. வளைகுடாவுக்குப் போன பக்கனியர்களின் மூக்கில் ஸ்காட்லாந்து விஸ்கிப் பெயர்களை எழுதியிருந்தார்கள். தாக்குதலுக்குப் போய்வந்த கணக்குக்குச் சின்னக் குண்டுப் படங்களையும் வரைந்தார்கள். உங்கள் விமானத்துக்கும் ஒரு பெயர் வைக்கலாம். குண்டுப் படங்களின் எண்ணிக்கை மட்டும் அந்தப் போரின் ஆறு வாரங்களுக்குள் அடங்கட்டும்.

முதன்முதலாகச் செய்கிறவர்கள் விலை கூடிய கிட்டில் கைவைக்க வேண்டாம். மலிவான ஒரு மிக்-21 அல்லது ஸ்பிட்ஃபயர் எடுத்து, எதையும் வெட்டாமல், அது ஒருபோதும் சேராத ஒரு நாட்டின் வண்ணத்தை மட்டும் பூசிப் பாருங்கள். அந்த நாடு அதை ஏன் வாங்கியது, எந்த வருடம், யாருக்கு எதிராக என்ற நாலு வரியை மட்டும் அப்போதும் எழுதிவிடுங்கள். அடுத்த கிட்டில் ரம்பத்தை எடுக்கலாம்.