பெயர்ப் பட்டியல் போதாது: அனைத்துலக அமைப்புகளை எப்படிப் படிப்பது?

தேர்வு நெருங்கிவிட்டால் படிவம் ஆறு மாணவர்கள் பலரது படிப்பு மேசைக்கு மேலே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். ஐ.நா. 1945, நேட்டோ 1949, அணிசேரா இயக்கம் 1961, ஆசியான் 1967, இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு 1969 என்று வரிசையாக ஆண்டுகள் இருக்கும். பக்கத்திலேயே தலைமையகம், உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை. பல் துலக்கும்போதும் பள்ளிப் பேருந்திலும் அதைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள்.

தேர்வு அறையில் கேள்வித்தாளைப் பிரித்தால் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. 'ஆசியான் தன் உறுப்பு நாட்டின் மீது நடவடிக்கை எடுக்கத் தயங்குவது ஏன்? விவாதிக்கவும்' என்று கேட்டால், அந்தத் தாளில் இருந்த ஆண்டும் எண்ணிக்கையும் இரண்டு வரிக்குத்தான் வரும். மீதிப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே புள்ளிகளை இழப்பது இங்கேதான்.

எஸ்பிஎம் வரலாற்றுப் பாடத்திலும் எஸ்டிபிஎம் 'பெங்காஜியான் அம்' தாளிலும் நாட்டின் வெளியுறவு பற்றிய பகுதி உண்டு. உபகாரச் சம்பள நேர்முகத் தேர்வுகளிலும் உலக நடப்பு பற்றிக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கிறது. எந்த அமைப்பைப் படித்தாலும் நான்கு கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று, எந்தப் பயம் அல்லது தேவை இந்த நாடுகளை ஒன்றுசேர்த்தது? இரண்டு, அங்கே முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? மூன்று, அந்த முடிவுக்கு உறுப்பு நாடு கட்டுப்பட்டாக வேண்டுமா? நான்கு, கட்டுப்படாவிட்டால் என்ன நடக்கும்?

ஓர் அமைப்பு, அதன் உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த அளவுக்கு மேல் எதையும் செய்ய முடியாது. இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

பகையில் பிறந்த ஆசியான்

ஆசியானிலிருந்தே தொடங்கலாம். 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா உருவானபோது அண்டை நாடுகள் இரண்டு அதை ஏற்கவில்லை. இந்தோனேசியா 'கொன்ஃபிரன்தாசி' எனும் எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கியது. பிலிப்பீன்ஸ் சபாவுக்கு உரிமை கோரியது. 1965 ஜனவரியில் மலேசியாவுக்கு ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் இடம் கிடைத்ததைக் கண்டித்து இந்தோனேசியா ஐ.நா.வை விட்டே வெளியேறியது. மறு ஆண்டுதான் திரும்பி வந்தது. 1965 ஆகஸ்டு 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, 1967 ஆகஸ்டு 8ஆம் தேதி, இதே நாடுகள் தாய்லாந்துடன் சேர்ந்து பேங்காக்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட்டன. மலேசியாவின் சார்பில் துணைப் பிரதமர் துன் அப்துல் ரசாக், இந்தோனேசியாவின் அடாம் மாலிக், பிலிப்பீன்ஸின் நார்சிசோ ராமோஸ், தாய்லாந்தின் தானாட் கோமன், சிங்கப்பூரின் எஸ். ராஜரத்தினம் ஆகிய ஐவர் அவர்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்தவர் ராஜரத்தினம் என்பது நம்மவர்கள் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

நேற்றுவரை சண்டையிட்டவர்கள் ஒன்றுசேரும்போது முதலில் என்ன கேட்பார்கள்? 'என் வீட்டு விவகாரத்தில் நீ தலையிடாதே' என்றுதான். உள்நாட்டு விவகாரங்களில் தலையிடாமை என்ற கொள்கையின் வேர் இதுவே. 1976இல் பாலியில் நடந்த முதல் உச்சநிலை மாநாட்டில் கையெழுத்தான நட்புறவு ஒத்துழைப்பு உடன்படிக்கை அதை எழுத்தில் உறுதிப்படுத்தியது. 2007இல் கையெழுத்தாகி 2008 டிசம்பரில் நடப்புக்கு வந்த ஆசியான் சாசனம், கலந்தாலோசனையும் கருத்திணக்கமுமே முடிவெடுக்கும் அடிப்படை என்று கூறுகிறது.

கருத்திணக்கம் என்றால் வாக்கெடுப்பு இல்லை. எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாடு உறுதியாக மறுத்துவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நம் தாமானில் உள்ள ருக்குன் தெத்தாங்காவை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் சண்டை நடந்தால் குழுவினர் வாசலில் நின்று சமாதானம் பேசலாம். கதவை உடைத்து உள்ளே போக அவர்களுக்கு அதிகாரம் இல்லை. ஆசியானும் ஏறக்குறைய அப்படித்தான்.

இதனால் ஆசியானுக்குப் பலமும் உண்டு, பலவீனமும் உண்டு. விடையில் இரண்டையும் எழுத வேண்டும். கம்யூனிஸ்ட் ஆட்சி, மன்னராட்சி, மக்களாட்சி என வெவ்வேறு ஆட்சி முறைகள் கொண்ட நாடுகள் இதில் பயமின்றிச் சேர்ந்திருப்பது இந்தக் கொள்கையால்தான். 1984இல் புருணை, 1995இல் வியட்நாம், 1997இல் லாவோஸும் மியன்மாரும், 1999இல் கம்போடியா என்று குடும்பம் பெருகியது. 2011இல் விண்ணப்பித்த தீமோர் லெஸ்தே, 2025 அக்டோபர் 26ஆம் தேதி கோலாலம்பூர் மாநாட்டில் பதினோராவது உறுப்பு நாடாகச் சேர்ந்தது. அண்ணன் அக்காள் கொடுத்த பழைய குறிப்பேட்டில் பத்து நாடுகள் என்றிருந்தால் மாணவர்கள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

பலவீனத்துக்கும் சான்றுகள் உண்டு. 2012 ஜூலையில் புனோம் பென்னில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள், தென்சீனக் கடல் பற்றி எப்படி எழுதுவது என்பதில் உடன்பட முடியாமல், கூட்டறிக்கை வெளியிடாமலே கலைந்தனர். ஆசியானின் 45 ஆண்டு வரலாற்றில் அப்படி நடந்தது அதுவே முதல்முறை. 2021 பிப்ரவரியில் மியன்மார் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஏப்ரல் மாதம் ஜகார்த்தாவில் ஐந்து அம்ச இணக்கம் காணப்பட்டது. வன்முறையை நிறுத்துவது அதன் முதல் அம்சம். ஆனால் சண்டை ஓயவில்லை. அதே ஆண்டு அக்டோபர் மாநாட்டுக்கு இராணுவத் தலைவரை அழைக்காமல் விட்டதுதான் ஆசியான் எடுத்த கடுமையான நடவடிக்கை.

2025 ஜூலையில் தாய்லாந்துக்கும் கம்போடியாவுக்கும் எல்லையில் சண்டை மூண்டபோது, அந்த ஆண்டின் ஆசியான் தலைவர் என்ற முறையில் மலேசியா இரு தரப்பையும் புத்ராஜெயாவுக்கு அழைத்தது. ஜூலை 28ஆம் தேதி சண்டை நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. டிசம்பரில் சண்டை மீண்டும் வெடித்தது. பேச வைக்க முடிந்த அமைப்பால் கட்டுப்படுத்த முடியவில்லை. நான்காவது கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஐ.நா.வில் இரண்டு அறைகள்

'ஐ.நா. என்னதான் செய்கிறது?' செய்தி பார்க்கும்போது பல வீடுகளில் அப்பாமார்கள் சலித்துக்கொள்ளும் கேள்வி இது. விடை தெரிய வேண்டுமானால் இரண்டு அறைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பொதுப் பேரவையில் 193 நாடுகளுக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. பெரிய நாடு, சிறிய நாடு என்ற வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே நிறைவேறும் தீர்மானங்கள் பெரும்பாலும் உலகத்தின் கருத்தைச் சொல்பவை. யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்துபவை அல்ல. பாதுகாப்பு மன்றத்தில் 15 நாடுகள். அதன் முடிவுகளுக்கு உறுப்பு நாடுகள் கட்டுப்பட வேண்டும். தீர்மானம் நிறைவேற ஒன்பது வாக்குகள் தேவை. அதோடு அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்சு ஆகிய ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கக்கூடாது. இதுதான் வீட்டோ எனப்படும் தடுப்பதிகாரம்.

மலேசியர்களுக்கு இது புத்தகச் செய்தி மட்டுமன்று. 2014 ஜூலை 17ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 298 பேரும் மாண்டனர். மறு ஆண்டு மலேசியா பாதுகாப்பு மன்றத்தில் உறுப்பினராக இருந்தது. குற்றவாளிகளை விசாரிக்க அனைத்துலக நடுவர் மன்றம் ஒன்றை அமைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை 2015 ஜூலை 29ஆம் தேதி அது முன்வைத்தது. 11 நாடுகள் ஆதரித்தன. மூன்று நாடுகள் நடுநிலை வகித்தன. ரஷ்யா ஒன்று மட்டும் எதிர்த்தது. தீர்மானம் தோற்றது.

பதினொன்று பெரிதா, ஒன்று பெரிதா என்ற கணக்கு அங்கே செல்லாது. பெரிய வல்லரசுகள் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டால் அமைப்பே சிதறிவிடும் என்று 1945இல் அஞ்சியவர்கள் எழுதி வைத்த விதி அது. அந்த விதியின் விலையைப் பின்னாளில் எம்எச்17 பயணிகளின் குடும்பங்கள் கொடுத்தன. ஆனால் கதை அதோடு முடியவில்லை. நெதர்லாந்து தன் சொந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு நடத்தியது. 2022 நவம்பர் 17ஆம் தேதி அந்நாட்டு நீதிமன்றம் மூவருக்கு, அவர்கள் நேரில் வராத நிலையிலேயே, ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு கதவு மூடினால் வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று காட்டுபவருக்கே கட்டுரையில் உயர்ந்த புள்ளி கிடைக்கும்.

நீதிமன்றம் போக இருவரும் சம்மதிக்க வேண்டும்

தி ஹேக்கில் உள்ள அனைத்துலக நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கிறது. அதே ஊரில் உள்ள அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் தனிமனிதர்களை விசாரிப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் அதிகம்.

முதல் நீதிமன்றத்துக்கு ஒரு நாட்டை இன்னொரு நாடு வலுக்கட்டாயமாக இழுத்துப்போக முடியாது. அந்த நாடு ஏதோ ஒரு வகையில் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும். மலேசியாவும் இந்தோனேசியாவும் சிப்பாடான், லிகித்தான் தீவுகள் பற்றிச் சம்மதித்து வழக்குக்குப் போயின. 2002 டிசம்பர் 17ஆம் தேதி மலேசியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் பத்து பூத்தே தீவு பற்றி வழக்குக்குப் போயின; 2008 மே 23ஆம் தேதி தீவு சிங்கப்பூருக்கும், அருகிலுள்ள பத்துவான் தெங்கா பாறைகள் மலேசியாவுக்கும் உரியவை என்று தீர்ப்பானது.

ஒன்றில் வெற்றி, மற்றொன்றில் இழப்பு. இரண்டு வழக்கிலும் தீர்ப்புக்குப் பிறகு துப்பாக்கி வெடிக்கவில்லை. அதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன் கொன்ஃபிரன்தாசி நடந்த அதே வட்டாரம் இது. அனைத்துலக அமைப்புகளால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்.

கூட்டணி என்றால் எல்லாம் ஒன்றா?

இராணுவக் கூட்டணிகளிலும் கையெழுத்தின் அளவு மாறுபடும். 1949இல் 12 நாடுகளுடன் தொடங்கிய நேட்டோவில், 2024 மார்ச்சில் சுவீடன் சேர்ந்ததோடு 32 நாடுகள் ஆயின. ஓர் உறுப்பு நாட்டின் மீதான தாக்குதல் எல்லார் மீதும் நடத்தப்பட்ட தாக்குதலாகக் கருதப்படும் என்பது அதன் ஐந்தாவது விதி. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அது செயல்படுத்தப்பட்டது. அப்போதும் என்ன உதவி செய்வது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யும்.

மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு 1971 நவம்பரில் நடப்புக்கு வந்தது. மலேசியாவோ சிங்கப்பூரோ வெளியிலிருந்து தாக்கப்பட்டால் ஐந்து நாடுகளும் உடனடியாகக் கலந்தாலோசிக்கும் என்பதே அதன் வாக்குறுதி. போருக்கு வருவோம் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் பட்டர்வொர்த்தில் அதன் கூட்டு வட்டாரத் தற்காப்புத் தலைமையகம் இயங்குகிறது. கூட்டுப் பயிற்சிகளும் நடக்கின்றன. 'கலந்தாலோசிப்போம்' என்ற சொல்லுக்கும் 'எல்லார் மீதும் தாக்குதல்' என்ற சொல்லுக்கும் உள்ள தூரத்தை விளக்கினாலே நல்ல ஒரு பத்தி கிடைத்துவிடும்.

மாணவர்கள் செய்ய வேண்டியது

ஓர் அமைப்புக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். மேலே நான்கு கேள்விகள், கீழே சுருக்கமான விடைகள். அடுத்து ஒரு வெற்றி, ஒரு தோல்வி, இரண்டும் ஆண்டோடு. இறுதியாக, அதில் மலேசியாவின் பங்கு. ஆண்டையும் எண்ணிக்கையையும் மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். அவை கட்டுரைக்குச் செங்கல். நான்கு கேள்விகளே சிமெண்டு.

உறுப்பு நாடுகளின் எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, தேர்வுக்கு ஒரு மாதம் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. பெற்றோரும் உதவலாம். இரவு எட்டு மணிச் செய்தியில் ஓர் அமைப்பின் பெயர் வந்தால், 'இதில் யார் வேண்டாம் என்றால் நின்றுபோகும்?' என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அன்றிரவு எந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும்.